கருவுற்ற தாயும் ஒன்பது மாதக் கண்காணிப்பும்

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அளந்தறியக் கோல்கள் பல உண்டு. உணவு தானிய உற்பத்தி, மின்சாரம், எழுத்தறிவு ஆகியவற்றோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்கது தாய்மார் இறப்பு விகிதமாகும். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார், கருவுற்ற காலத்திலோ பேற்றின்போதோ அதன் பின் 42 நாட்களுக்குள்ளோ, பேறு தொடர்பான காரணங்களால் இறக்கின்றனர் என்பதை இவ்விகிதம் காட்டுகிறது. மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி இந்தியாவில் 2004-06 இல் 254 ஆக இருந்த இவ்விகிதம், 2018-20 இல் 97 ஆகக் குறைந்தது. 2030 ஆம் ஆண்டிற்குள் 70 என்ற அளவிற்கு இதைக் கொண்டு வருவது குறிக்கோள்.

இது பெருமைக்குரிய முன்னேற்றமே. எனினும் அதே 2018-20 காலத்தில் கேரளத்தில் இவ்விகிதம் 19, அசாமிலோ 195. இரு மாநில மருத்துவர்களும் கற்ற மருத்துவம் ஒன்றே. அம்மருத்துவம் தாயை உரிய நேரத்தில் சென்றடைகிறதா என்பதில்தான் வேறுபாடு பெரிதும் அடங்கியுள்ளது.

கடைசி நாளும் முந்தைய மாதங்களும்

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2005-06 இல் 38.7 சதவிகிதமாக இருந்த மருத்துவமனைப் பேறுகள் 2019-21 இல் 88.6 சதவிகிதமாக உயர்ந்தன. 2005 இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டமும், ஆஷா பணியாளர்களின் உழைப்பும் இதில் பெரும் பங்கு வகித்தன. ஆனால் அதே 2019-21 ஆய்வில், கருவுற்ற காலத்தில் நான்கு முறையேனும் பரிசோதனை செய்து கொண்டவர்கள் 58.1 சதவிகிதத்தினரே. இரும்புச்சத்து மாத்திரைகளை 180 நாட்கள் உட்கொண்டவர்கள் 26 சதவிகிதத்தினர் மட்டுமே. பேறு நடைபெறும் நாளுக்குக் காட்டிய அக்கறை, அதற்கு முந்தைய மாதங்களுக்கு இன்னும் முழுமையாக எட்டவில்லை என்பதே இதன் பொருள். சிக்கல்களில் பல தோன்றி வளர்வதோ அம்மாதங்களில்தான்.

இரத்தசோகை

நம் நாட்டில் மிகப் பரவலாகக் காணப்படும் சிக்கல் இரத்தசோகை. 2019-21 ஆய்வில் கருவுற்ற பெண்களில் 52.2 சதவிகிதத்தினர் இதற்கு ஆளாகியிருந்தனர். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருப்பின் சோகை. 7 கிராமுக்குக் கீழே சென்றால் கடுமையான சோகை. களைப்பும் மூச்சிரைப்பும் தோன்றினாலும், வேலைப் பளுவின் விளைவென்றே குடும்பத்தார் கருதிவிடுகின்றனர்.

இந்நோய் பற்றிய அறிவுக்கு இந்தியாவிலேயே ஒரு முக்கியப் படி எடுத்து வைக்கப்பட்டது. 1928 இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், துணி ஆலைப் பெண் தொழிலாளரிடையே கருவுற்ற காலத்தில் தோன்றிய ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அது குணமாவதைக் கண்டார். அச்சாற்றில் பயன் தந்த பொருள் பின்னர் போலிக் அமிலம் என அறியப்பட்டது. இன்று துணைச் செவிலியர் வழங்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தோடு அதுவும் சேர்ந்துள்ளது. நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்றாக 180 நாட்களும், பேற்றுக்குப் பின் மேலும் 180 நாட்களும் இதை உட்கொள்ள வேண்டும்.

மாத்திரை வழங்குவதும் உட்கொள்வதும் ஒன்றல்ல. குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுத்தல் ஆகியவற்றைக் கண்டு அஞ்சிப் பலர் நிறுத்திவிடுகின்றனர். மலம் கறுப்பது கேடன்று என முன்கூட்டியே சொல்லி வைத்தாலே பாதித் தயக்கம் நீங்கும். தேநீருடனும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையுடனும் சேர்த்து உண்டால் இரும்புச்சத்து உடலில் ஏறுவது குறையும். எலுமிச்சை, நெல்லி போன்றவை துணை செய்யும்.

இரத்த அழுத்தமும் வலிப்பும்

கருவுற்று 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்வதும், சிறுநீரில் புரதம் காணப்படுவதும் முன்வலிப்பு நிலையின் அடையாளங்கள். முகமும் கைகளும் வீங்குதல், விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியன எச்சரிக்கைகள். கவனியாது விட்டால் வலிப்பு தோன்றித் தாயும் சேயும் மடிய நேரிடும். வலிப்பைப் பேயின் செயலெனக் கருதிப் பூசாரியை நாடிக் காலத்தை இழக்கும் வழக்கம் சில பகுதிகளில் இன்னும் மறையவில்லை. மக்னீசியம் சல்பேட் என்ற விலை குறைந்த மருந்து இவ்வலிப்பைக் கட்டுப்படுத்துகிறது. முதல் ஊசியைப் போட்டபின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை. தொடக்க நிலையில் தாய்க்கு எவ்விதத் துன்பமும் தோன்றாது என்பதால், ஒவ்வொரு வருகையிலும் அழுத்தம் அளப்பது இன்றியமையாதது.

கருக்காலச் சர்க்கரை நோய்

முன்னர் சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் கருவுற்ற காலத்தில் அது தோன்றலாம். குழந்தை அளவுக்கு மிஞ்சிப் பருத்தல், கடினமான பேறு, பிற்காலத்தில் தாய்க்கு நிலையான சர்க்கரை நோய் ஆகியன இதன் விளைவுகள். 75 கிராம் குளுகோஸ் கரைத்துக் குடித்த இரண்டு மணி நேரத்திற்குப் பின் இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் நோய் உண்டெனக் கொள்ளப்படுகிறது. வெறும் வயிற்றுடன் வர வேண்டிய தேவை இல்லாததால், தொலைவிலிருந்து வரும் கிராமப் பெண்ணுக்கும் இம்முறை ஏற்றது. முதல் வருகையிலும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் இச்சோதனை செய்யப்பட வேண்டும். பலருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியுமே போதுமானவை.

பேற்றுக்குப் பின் உதிரப்போக்கு

தாய்மார் இறப்பிற்கு முதன்மையான காரணம் உதிரப்போக்கு. குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடுவதால் இதைப் பெருமளவு தடுக்கலாம். ஆயினும் அம்மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் காக்கப்பட வேண்டும். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் நிலையத்தில் மருந்து இருந்தும் வீரியம் இல்லாது போகலாம். சோகையற்ற தாய் தாங்கக்கூடிய இரத்த இழப்பைச் சோகையுற்ற தாய் தாங்கமாட்டார். ஐந்தாம் மாதத்தில் விழுங்காத மாத்திரையின் விலை, பேற்று மேசையில் செலுத்தப்படுகிறது.

மூன்று தாமதங்கள்

கருவுற்றவர்களுள் ஏறக்குறைய 15 சதவிகிதத்தினருக்குக் கடுமையான சிக்கல் தோன்றக்கூடும் என்பது உலக அளவிலான மதிப்பீடு. அவர்கள் யார் யார் என்பதை முழுமையாக முன்கூட்டிக் கூற இயலாது. எனவேதான் அனைவருக்கும் கண்காணிப்பு தேவைப்படுகிறது. இறப்புகளுக்கு வழிவகுக்கும் தாமதங்கள் மூன்றென ஆய்வாளர் வகுத்துள்ளனர்: சிகிச்சையை நாட முடிவு செய்வதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்தபின் உரிய சிகிச்சை பெறுவதில் தாமதம். முதலாவது குடும்பத்தில் பெண்ணுக்குள்ள உரிமையையும், இரண்டாவது சாலையையும் ஊர்தியையும், மூன்றாவது மருத்துவர், இரத்தம், மருந்து ஆகியவற்றின் இருப்பையும் பொறுத்தவை. ஆதலின் இது சுகாதாரத் துறை ஒன்றின் பொறுப்பாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

2011 முதல் அரசு மருத்துவமனைகளில் பேறு, அறுவைச் சிகிச்சை, மருந்து, இரத்தம், போக்குவரத்து ஆகியன கட்டணமின்றி வழங்க வகை செய்யப்பட்டது. 2016 இல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம், ஒவ்வொரு மாதமும் 9 ஆம் நாளை மருத்துவரின் பரிசோதனைக்கென ஒதுக்கியது. ஆபத்துக் கூறுகள் உள்ள தாயின் அட்டையில் சிவப்பு அடையாளம் ஒட்டப்படுகிறது. அதை ஒட்டுவது எளிது. அத்தாயை அடுத்த மாதமும் தேடிச் சென்று காண்பதே உண்மையான பணி.

மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில் மருத்துவமனைப் பேறுகளின் எண்ணிக்கை கேட்கப்படுகிறது. அதனுடன் மேலும் மூன்று வினாக்கள் கேட்கப்பட வேண்டும். எத்தனை தாய்மாருக்கு நான்கு முறையும் இரத்த அழுத்தம் அளக்கப்பட்டது? எத்தனை பேர் மாத்திரைகளை உண்மையில் உட்கொண்டனர்? சிவப்பு அடையாளமிட்ட தாய்மாருள் எத்தனை பேர் மறுமுறை காணப்பட்டனர்? அழுத்தமானியும், சிறுநீர்ச் சோதனைப் பட்டையும், இரும்புச்சத்து மாத்திரையும் பெரும் முதலீட்டை வேண்டுவன அல்ல. அவை தவறாமல் பயன்படுத்தப்படுமாறு மேற்பார்வை செய்வதுதான் நிர்வாகத்தின் கடமை. அசாமின் எண்ணிக்கை கேரளத்தின் எண்ணிக்கையை நெருங்குவது இதனைப் பொறுத்தே அமையும்.