தேய்த்தால் பாடும் கல்

பெங்களூரு ஜே.பி. நகரில் 2019இல் திறக்கப்பட்ட 'இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ்' அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் உள்ளேதான் அதிக நேரம் செலவிடுகிறார்கள். எனக்கு வெளியே இருக்கும் ஒலித்தோட்டம்தான் உசத்தி. ஆரோவில்லின் 'ஸ்வரம்' பட்டறை வடித்த இசைச் சிற்பங்கள் அங்கே திறந்தவெளியில் நிற்கின்றன. தொட்டு வாசிக்கத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஸ்வரம் செய்யும் கருவிகளில் விசேஷமானது பாடும் கல். கருங்கல் பாளத்தை மேலிருந்து வரிசையாக அறுத்து, அடிவரை போகாமல் நிறுத்திவிடுவார்கள். சீப்புப் பற்களாகக் கல்தகடுகள் எழுந்து நிற்கும். நனைத்த உள்ளங்கையை அவற்றின் விளிம்பில் வைத்து நிதானமாக இழுத்தால், முதலில் வெறும் உரசல். பிறகு திடீரென்று கல் முழுவதும் ரீங்கரிக்கும். காதுக்கு முன்பே மணிக்கட்டு அதை உணர்ந்துவிடும்.

கை வழுக்கிக்கொண்டே போவதில்லை. தகட்டைப் பற்றுகிறது, விடுகிறது, மறுபடி பற்றுகிறது. நொடிக்குப் பல நூறு முறை இது நடக்கிறது. வயலின் தந்தியை வில் அதிரவைப்பதும் இப்படித்தான். சுருதியைத் தீர்மானிப்பது தகட்டின் உயரமும் தடிமனும். தடிமன் மாறாமல் வெட்டை இருமடங்கு ஆழமாக்கினால் அதிர்வெண் கால்பங்காகிவிடும். அதாவது இரண்டு ஸ்தாயி இறங்கும். அறுத்த கல்லை ஒட்டவைக்க வழியில்லை என்பதால் ரம்பம் பிடிப்பவருக்குக் காது நன்றாக இருக்கவேண்டும். இவ்வகைக் கல்லை 1970களில் உருவாக்கிப் புகழ்பெற்றவர் ஜெர்மன் சிற்பி எல்மார் டாவ்ஹர்.

கல்லின் ஒலி நமக்கு ஒன்றும் புதிதல்ல. சிற்பிகள் தட்டிப் பார்த்துத்தான் ஆண்கல், பெண்கல் என்று பிரிக்கிறார்கள். உள்ளே விரிசல் இருந்தால் நாதம் செத்துவிடும். பல்லாரி அருகே குப்கல் மலையில், புதிய கற்கால மக்கள் தட்டித் தட்டியே குழி விழுந்த பாறைகள் இருக்கின்றன. இன்றும் தட்டினால் கணீரென்கின்றன. ஹம்பி விட்டலர் கோயிலில் ஒரே கல்லில் மெல்லிய தூண்களைச் செதுக்கி ஒலிக்கவைத்தார்கள். தட்டியே தேய்த்துவிடுவோம் என்று இப்போது அங்கே தட்டத் தடை.

பாடும் கல்லை யாரும் தட்டவேண்டாம், தேய்த்தால் போதும். கையில் பிசுக்கு மட்டும் கூடாது. மசால் வடை தின்ற கையோடு போனால் எத்தனை தேய்த்தாலும் அது வாயைத் திறக்காது.