இடுப்பு வலியில் எச்சரிக்கைக் குறிகள்

குமுளியைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் விளையும் ஏலக்காய் கிளையில் தொங்குவதன்று. செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்ப்பது. ஆகவே காய் எடுக்கும் பெண்கள் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோ வேலை செய்ய நேர்கிறது. இவர்களில் பலர் கம்பம், கூடலூர் முதலிய ஊர்களிலிருந்து காலையில் ஜீப்புகளில் ஏறி, மலைப் பாதையில் குலுங்கி வந்து, மாலையில் அவ்வாறே திரும்புகின்றனர். இத்தகைய உழைப்பில் இடுப்பு வலிக்காவிட்டால்தான் வியப்பு. ஓர் இடர்ப்பாடும் இங்கேதான் தோன்றுகிறது. வலி எதுவாயினும் சுமையின்மேலும், குளிரின்மேலும், வாயுப் பிடிப்பின்மேலும் பழியைப் போட்டுவிட்டு, தொழிலாளியும் அவரைச் சார்ந்தோரும் வாளாவிருந்து விடுகின்றனர்.

இடுப்பு வலியில் மிகப் பெரும்பகுதி தசையையும் தசைநாரையும் சிறு மூட்டுகளையும் பற்றியது. அது சில வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். படுத்தே கிடத்தல் வேண்டா. இயன்றவரை நடமாடுவதும், இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளும் போதுமானவை. ஆயினும் பயிற்சி தொடங்குமுன், வந்திருப்பது அவ்வகை வலிதானா என்று தெளிதல் இன்றியமையாதது. நோயால் அரிக்கப்பட்ட முள்ளெலும்பை அழுத்தித் திருகினால் அது நொறுங்கக் கூடும். ஆதலால் கை வைக்குமுன் கேள்வி கேட்க வேண்டும். சுளுக்கு வழிப்போருக்கும் இது பொருந்தும்.

கேட்க வேண்டுவன கடினமானவை அல்ல. வலி முதன்முறையாக ஐம்பது வயதுக்குமேல் தோன்றியதா? கீழே விழுந்ததுண்டா? முன்பு புற்றுநோய் வந்ததுண்டா? ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உண்டவரா? காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியன உண்டா? ஓய்வெடுத்தாலும் தணியாமல் இரவில் வலி மிகுகிறதா?

இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்றதும் அஞ்சிவிடுதல் தகாது. சிட்னி நகரில் புதிதாக இடுப்பு வலி கண்டு முதல்நிலைச் சிகிச்சைக்கு வந்த 1,172 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, கடும் நோய் இருந்தவர் 11 பேரே. அவர்களிலும் 8 பேருக்கு இருந்தது எலும்பு முறிவு. ஆனால் ஏதேனும் ஓர் எச்சரிக்கைக் குறியாவது இருந்தவர்களோ நூற்றுக்கு எண்பதின்மர்! தனியொரு குறி சொல்வது சிறிது. பல குறிகள் சேர்ந்து வருவதும், வாரந்தோறும் நிலை தாழ்வதுமே கவனத்துக்குரியவை.

சிட்னியின் கணக்கை அப்படியே மலைத்தோட்டத்துக்குக் கொண்டுவருதலும் பிழையாகும். காசநோய் நம் நாட்டில் இன்னும் பரவலாக உள்ளது. அது நுரையீரலோடு நிற்பதில்லை. முதுகெலும்பைப் பற்றினால் முள்ளெலும்பின் முற்பகுதி மெல்ல அரிபட்டு, முதுகு கூனி, தண்டுவடம் நெரிபட்டுக் கால்கள் செயலிழக்கும். இதனை 1779-இல் விரிவாக எழுதிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட்டின் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. இருமல் இல்லை என்பதால் காசநோய் இல்லை என்று எண்ணலாகாது.

முன்னாளில் இந்நோயாளிகள் மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்தனர். அந்நிலை மாறியதில் சென்னைக்குப் பங்குண்டு. சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தார், அறுவைச் சிகிச்சையும் மருந்தும் பெற்றவரையும், நடமாடிக்கொண்டே மருந்து மட்டும் உண்டவரையும் ஒப்பிட்டுப் பத்தாண்டுகள் கண்காணித்தனர். 1999-இல் வெளிவந்த அறிக்கையின்படி, மருந்து மட்டும் உண்டவர் மற்றவர்க்குச் சற்றும் பின்தங்கவில்லை. அரசின் காசநோய்த் திட்டத்தில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. முதுகெலும்புக் காசநோய்க்கு அதனைப் பொதுவாக ஓராண்டு உண்ண வேண்டும். இழப்பு நேர்வது பெரிதும் காலந்தாழ்த்துவதாலேயே.

சிறுவரிடத்தில் இந்நோயை முதலில் காணக்கூடியவர் ஆசிரியரே. கீழே விழுந்த பென்சிலை எடுக்க மற்றக் குழந்தை இயல்பாகக் குனியும். முதுகெலும்பில் நோயுள்ள குழந்தையோ முதுகை நிமிர்த்தியபடியே முழங்காலை மடக்கிக் குந்தி எடுக்கும். விளையாட்டில் ஒதுங்கி நிற்கும். உறக்கத்தில் தசைகளின் இறுக்கம் தளர்வதால் இரவில் அலறி எழும். இதனைப் பெற்றோரிடம் கேட்டறியலாம். முதுகின் நடுவில் சிறு முடிச்சுப்போல் எலும்பு புடைத்திருந்தால் ஐயமே வேண்டா, மருத்துவரிடம் அனுப்புக. பிள்ளை சோம்பேறி என்று கடிந்துகொள்வது எளிது; ஒருமுறை முதுகைத் தடவிப் பார்ப்பதும் எளிதே.

நாள் கணக்குப் பாராமல் மணிக்கணக்குப் பார்க்க வேண்டிய நிலை ஒன்றுண்டு. தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிட, அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் போலக் கற்றையாகத் தொங்குகின்றன. பிதுங்கிய வட்டு இக்கற்றையை நெரித்தால் சிறுநீர் அடைபடும், அல்லது உணர்வின்றி ஒழுகும். சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போகும். இரு கால்களும் தளரும். பெண்கள் ஆண் ஊழியரிடம் இதனைச் சொல்லக் கூசுவர். பெண் ஊழியர் தனியே வினவுதல் நலம். 'ஆம்' என்ற விடை வந்தால் அன்றே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. மறுநாள் ஜீப்புக்காகக் காத்திருந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு மீளாமலே போகக் கூடும்.

எல்லைப்புறத்தில் மற்றுமொரு தொல்லை. வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். ஒருவர் தொடங்கிய சிகிச்சை மற்றவருக்குத் தெரிவதில்லை. ஆதலால் நோயாளியை அனுப்புவோர் வாய்மொழியாகச் சொல்லி விடாது சீட்டு எழுதிக் கொடுத்தல் வேண்டும். வலி தொடங்கிய நாள், காய்ச்சலும் எடைக் குறைவும், குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்க முடிகிறதா என்பது, சிறுநீர் நிலை, உண்ணும் மாத்திரைகள் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும்.