தொலைவிடத் தொடர்பும் காவற்சாதனமும்: வி.பி.என். பழுதறியும் முறை

மும்பையிலிருந்து ரயில் பாதையில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் அம்பர்நாத் நகரம் அமைந்துள்ளது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிவாலயமும் தொழிற்பேட்டையும் கொண்ட இந்நகரவாசிகளில் பலர் நாள்தோறும் மின்சார ரயிலில் மும்பைக் காரியாலயங்களுக்குச் சென்று மீள்பவராவர். 2020 மார்ச் 23 முதல் புறநகர் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஜூன் 15 முதல் அத்தியாவசியப் பணியாளருக்காக மட்டும் ஓடிய வண்டிகள், 2021 பிப்ரவரி 1 அன்றே, அதுவும் குறித்த நேரங்களில், பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் ரயில் செய்து வந்த வேலையின் ஒரு பகுதியைச் செய்தது, வி.பி.என். எனச் சுருக்கமாக வழங்கும் விர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க் ஆகும். தொலைத்தொடர்புத் துறையும் 2020 மார்ச் 13 அன்றே வீட்டிலிருந்து பணிபுரிவது பற்றிய தன் விதிகளைத் தளர்த்தியிருந்தது.

வி.பி.என். என்பது பொது இணையத்தின் ஊடே அமைக்கப்படும் மறைவான சுரங்கவழி எனலாம். வீட்டுக் கணினி அனுப்பும் செய்தி சிறு சிறு சிப்பங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சிப்பமும் பிறர் படிக்கவியலாதவாறு குறியாக்கம் செய்யப்பட்டு, வேறொரு உறையினுள் இடப்பட்டு அனுப்பப்படுகிறது. காரியாலயத்தின் வாயிலில் ஃபயர்வால் என்னும் காவற்சாதனம் நிற்கிறது. அது உறையின் மேலுள்ள முகவரியையும், போர்ட் எனப்படும் வாயில் எண்ணையும் நோக்கி, அனுமதிக்கப்பட்டவற்றை மட்டும் உள்ளே விடுகிறது. சுரங்கவழியின் வாய் பெரும்பாலும் இச்சாதனத்திலேயே அமைந்திருக்கும்.

தொடர்பு கிட்டாதபோது பயன்படுத்துவோர் கூறுவது, “வி.பி.என். வேலை செய்யவில்லை” என்ற ஒரே வாக்கியம். ஆயின் பழுது எவ்வளவு தூரம் சென்றபின் தோன்றுகிறது என்பதே அதன் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே பழுதறிவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சிப்பம் கடைசியாக எவ்விடத்தில் காணப்பட்டது என்பதாம். ஃபயர்வாலின் வெளிப்புற முனையிலும் உட்புற முனையிலும் சிப்பங்களைப் பதிவு செய்து பார்த்தால், பல மணி நேர யூகங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வெளிமுனைக்கே சிப்பம் வரவில்லையெனில் காரியாலயத்தில் எதையும் மாற்றிப் பயனில்லை. பழுது வீட்டிலோ இடைவழியிலோ உள்ளது.

ஐ.பி.செக் என்னும் முறையை எடுத்துக்கொள்வோம். இதில் இரு முனைகளும் முதலில் யு.டி.பி. 500 என்னும் வாயில் வழியே பேசி, சாவிகளைப் பரிமாறிக்கொள்கின்றன. பின்னர் உண்மையான செய்தி இ.எஸ்.பி. என்னும் உறையில் செல்கிறது. இவ்வுறைக்கு வாயில் எண் கிடையாது. 50 என்னும் நெறிமுறை எண் மட்டுமே உண்டு. வீட்டிலுள்ள ரூட்டரோ, பல கணினிகளுக்கு ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்தளிக்கும்போது, எந்தச் சிப்பம் யாருக்குரியது என்பதை வாயில் எண்ணைக் கொண்டே நினைவில் வைக்கிறது. எண்ணே இல்லாத உறையைக் கண்டால் அது திகைத்துப்போகும். செல்பேசி நிறுவனங்கள் பல, ஒரே வெளிமுகவரியைப் பற்பல சந்தாதாரருக்குப் பகிர்ந்தளிப்பதால் இவ்விடர் அங்கும் எழும்.

இதற்குப் பரிகாரமாக, இ.எஸ்.பி. உறையை யு.டி.பி. 4500 என்னும் வாயிலுக்குரிய மற்றோர் உறைக்குள் இடும் முறை 2005 ஜனவரியில் தரப்படுத்தப்பட்டது. இடையே முகவரி மாற்றப்படுகிறதா என்பதை இரு முனைகளும் தாமே கண்டறிந்து இம்முறைக்கு மாறிக்கொள்கின்றன. இதை அறிந்தால் நோய்க்குறிகள் தெளிவாகும். 500 திறந்து 4500 அடைபட்டிருந்தால், பேச்சு தொடங்கி நடுவில் நின்றுவிடும். முகவரி மாற்றமில்லாத வழியில் இ.எஸ்.பி. மட்டும் தடுக்கப்பட்டால், “இணைந்தது” என்று திரையில் தோன்றும்; ஆனால் ஒரு கோப்பும் திறவாது.

இணைந்தும் பயனில்லாத நிலைக்கு வேறு காரணங்களும் உள. வீட்டு ரூட்டர் 192.168.1 எனத் தொடங்கும் முகவரிகளை வழங்க, காரியாலயமும் அவற்றையே உபயோகித்தால், கணினி காரியாலயச் சர்வரைத் தன் வீட்டினுள்ளேயே தேடும். வீட்டு ரூட்டரின் முகவரி வரிசையை மாற்றுவதே இதற்கு எளிய வழி. சில வேளைகளில் செய்தி சர்வரை அடைந்துவிடும். விடை மட்டும் திரும்பாது. வி.பி.என். பயனருக்கு ஒதுக்கிய முகவரிகளுக்குச் செல்லும் பாதையைச் சர்வர் அறியாதிருத்தல், அல்லது விடைச் சிப்பத்தின் முகவரியை ஃபயர்வால் தவறுதலாக மாற்றிவிடுதல் இதற்குக் காரணமாகும்.

எல்லாவற்றினும் அதிகமாக ஏமாற்றுவது சிப்பத்தின் அளவு பற்றிய பழுதாகும். ஈதர்நெட் வழியில் ஒரு சிப்பம் 1500 பைட் வரை இருக்கலாம். பல அகன்ற அலைவரிசை இணைப்புகளில் பி.பி.பி.ஓ.இ. முறை 8 பைட்டை எடுத்துக்கொள்ள, எஞ்சுவது 1492. குறியாக்க உறைகள் மேலும் பல பத்து பைட்டுகளைக் கொள்ளும். பெரிய சிப்பம் வழியில் கொள்ளாதபோது, “சிறியதாக அனுப்புக” என்னும் ஐ.சி.எம்.பி. அறிவிப்பு அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டும். ஃபயர்வால்களில் ஐ.சி.எம்.பி. முழுவதையும் அடைத்துவைப்பது சிலர் வழக்கம். அது பாதுகாப்பு அன்று, பேதைமையே. விளைவாகக் கடவுச்சொல் ஏற்கப்படும், சிறு செய்திகள் செல்லும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் உறைந்து நிற்கும். சிப்பத்தைப் பிரிக்கலாகாது என்ற நிபந்தனையுடன் பிங் பரீட்சை செய்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து வந்தால் செல்லும் எல்லை தெரியும். பலர் சுரங்கவழியின் அளவை 1400 என வைத்து, டி.சி.பி. கூற்றின் உச்ச அளவை 1360 ஆக்கிவிடுகின்றனர்.

சிறிது நேரம் வாளாவிருந்தபின் தொடர்பு அறுபடுமாயின், ரூட்டர் தன் நினைவுக் குறிப்பை அழித்துவிட்டதென ஊகிக்கலாம். இதைத் தவிர்க்கவே, பேச்சற்ற வேளையிலும் 20 விநாடிக்கொரு முறை ஒரு சிறு சிப்பம் அனுப்புமாறு மேற்கூறிய தரம் வகுத்துள்ளது. ஒரே கால அளவில் தவறாமல் அறுபட்டால் சாவி புதுப்பிக்கும் கட்டத்தை ஆராய வேண்டும்.

இவ்வளவும் தேடப் பொறுமையின்றி, ஃபயர்வாலில் “யாவரும் எங்கும் செல்லலாம்” என ஒரு விதி எழுதிப் பார்ப்பதும், வி.பி.என்.ஐ விட்டு ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 வாயிலை இணையத்திற்கு நேரே திறந்துவிடுவதும் உண்டு. வேலை உடனே நடக்கும். ஆயின் திறந்த வாயில்களை இயந்திரங்களைக் கொண்டு இடைவிடாது தேடுவோர் உலகெங்கும் உளர். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் நுழைவதற்கு இது பழகிய வழி. பரீட்சைக்காக ஒரு விதியைத் தளர்த்த நேரின், ஒரு முகவரிக்கு மட்டும் தளர்த்தி, முடிந்தவுடன் நீக்கிவிட வேண்டும்.

கடிகாரமும் கவனிக்கத்தக்கது. வீட்டுக் கணினியின் தேதி பிழைபட்டால், செல்லத்தக்க சான்றிதழும் காலாவதியானதாகத் தோன்றி நுழைவு மறுக்கப்படும். மேலும், வீட்டிலுள்ள பதிவையும் ஃபயர்வாலின் பதிவையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டின் நேரமும் ஒத்திருத்தல் அவசியம். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட ஆணை, நிறுவனங்கள் தம் கணினிகளின் நேரத்தை தேசிய தகவலியல் மையம் அல்லது புதுடெல்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் நேரச் சர்வர்களுடனோ, அவற்றைச் சார்ந்தவற்றுடனோ பொருத்த வேண்டுமென்றும், பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டுமென்றும் விதித்தது. வி.பி.என். சேவையை விற்போர் சந்தாதாரர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டுமென்ற பகுதி, தம் ஊழியருக்காக மட்டும் வி.பி.என். நடத்தும் நிறுவனங்களுக்குப் பொருந்தாது எனப் பின்னர் விளக்கப்பட்டது.