பின்விளக்கை வீட்டிலேயே மாற்றலாம்

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் கண்ணில் படாத விளக்கு பின்விளக்குதான். முன்விளக்கு எரியாவிட்டால் பாதை தெரியாது, உடனே பட்டறைக்கு ஓடுவோம். பின்விளக்கு அணைந்து ஒரு மாதம் ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். விடியுமுன் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்புகிறவர்களும், இரவு வேலை முடிந்து மழையில் திரும்புகிறவர்களும் நம்மில் ஏராளம். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே இதை அற்ப விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

1992 முதல் நம் நாட்டில் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டே ஓட்ட வேண்டும். முன்விளக்கோடு பின்விளக்கும் சேர்ந்தே எரிகிறது. நாளெல்லாம் எரிந்து, 'கப்சாய்' வண்டியின் அதிர்வையும் தாங்குகிற பல்பின் இழை ஒருநாள் அறுந்துதான் போகும்.

அந்தப் பல்புக்குள் இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று 5 வாட், எப்போதும் எரிவது. மற்றது 18 அல்லது 21 வாட், பிரேக் பிடிக்கும்போது மட்டும் எரிவது. இதற்குப் பதிலாகத்தான் இப்போது பலர் எல்.இ.டி. பல்பு போடுகிறார்கள். இழை சூடேறி முழு வெளிச்சம் தருவதற்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். எல்.இ.டி. உடனே எரியும். 90 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் கார் 0.2 விநாடியில் 5 மீட்டர் ஓடிவிடும். எனக்கு இந்த 5 மீட்டர்தான் முக்கியம், பளபளப்பு அல்ல.

வாங்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.இ.டி.யே பொருத்தம், வெள்ளை வெளிச்சத்தில் பெரும்பகுதியை அந்தக் கண்ணாடி விழுங்கிவிடும். ஆனால் ஒரு சிக்கல். பல வண்டிகளில் இதே பல்புதான், கீழேயுள்ள நிறமற்ற சிறு சன்னல் வழியாக எண்பலகைக்கும் வெளிச்சம் தருகிறது. முழுச் சிவப்புப் பல்பு போட்டால் எண்பலகையும் சிவந்துவிடும். கீழ்ப்பக்கம் மட்டும் வெள்ளையாக எரியும் பல்புகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் பின்விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வராமல், எஞ்சினிலிருந்தே மாறுமின்னோட்டமாக வருகிறது. அதில் சாதாரண எல்.இ.டி. மினுமினுக்கும். இரண்டு வகை மின்னோட்டத்துக்கும் ஏற்ற பல்பா என்று கடைக்காரரிடம் கேட்பது நல்லது.

வேலை எளிது. சாவியை எடுத்துவிட்டு, கண்ணாடியின் திருகாணிகளைக் கழற்றுங்கள். பல்பை உள்ளே அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் வந்துவிடும். பிடிப்பானில் பச்சை பூத்திருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் தேயுங்கள். பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும். பல்பின் இரு பக்க முனைகளும் ஒரே உயரத்தில் இல்லாததால் சரியான பக்கமாகத்தான் நுழையும், வலுக்கட்டாயம் வேண்டாம். புதிய பல்பு நீளமாக இருந்து கண்ணாடியில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். ரப்பர் வளையத்தை மறக்காமல் வைத்து, திருகாணியை அளவோடு முடுக்குங்கள். மிஞ்சினால் கண்ணாடி விரிசல் விட்டு, மழைநீர் உள்ளே போகும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரைப் பத்தடி பின்னால் வெயிலில் நிற்கச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது வெளிச்சம் கூடுவது அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். மலிவான சில பல்புகளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீலமாக எரிவது, கண்ணைச் சிமிட்டுவது, கறுப்புக் கண்ணாடி மாட்டுவது எல்லாம் இளைஞர்களுக்குப் பிடிக்கும். பின்னால் வருகிறவரைக் குழப்பும், சம்மனும் வரலாம்.

கைப்பிரேக், கால்பிரேக் இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். கால்பிரேக்கில் மட்டும் தாமதமாக எரிந்தால், ஸ்பிரிங் மாட்டிய சுவிட்சின் நட்டைத் திருகிச் சுவிட்சைச் சற்று உயர்த்தினால் போதும். ஒரு பிரேக்குக்கு மட்டும் எரியவே இல்லையென்றால் பழுது அந்தச் சுவிட்சில் இருக்கக்கூடும். இரண்டுக்குமே எரியவில்லையென்றால் ஃபியூசையும், மட்கார்டுக்கு அடியில் உராய்ந்து ஓடும் ஒயரையும் பாருங்கள். அதற்கும் பிடிபடவில்லை என்றால், பகல் வெளிச்சத்திலேயே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.