நரம்பு வலி மாத்திரையும் சட்டத்தின் அட்டவணையும்

நீரிழிவு நோய் பல ஆண்டுகள் நீடித்தவர்களுக்குப் பாதத்தில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற வலியும் ஏற்படுவதுண்டு. சிலருக்கு இரவில் போர்வை பட்டாலே பொறுக்க முடிவதில்லை. அக்கி ஆறிய பின்னும் மாதக்கணக்கில் தொடரும் வலியும் இவ்வகையைச் சேர்ந்ததே. இவற்றுக்கு நாங்கள் அடிக்கடி எழுதித் தரும் மருந்துகளுள் ஒன்று பிரிகாபலின். இம்மருந்தைப் பற்றி எங்களிடம் இரு விதமான கேள்விகள் வருகின்றன. "இது போதை மாத்திரையாமே, பேப்பரில் போட்டிருக்கிறார்களே" என்று அஞ்சித் தாமாகவே நிறுத்திவிடுவோர் ஒரு சாரார். "நரம்புச் சத்து மாத்திரைதானே, இதற்கு எதற்குச் சீட்டு" என்று மருந்துக்கடையில் வாதிடுவோர் மற்றொரு சாரார். இரு சாராருக்கும் விடை சட்டத்தின் அட்டவணைகளில் இருக்கிறது.

பேப்பரில் வந்த செய்தி நம் கரையைப் பற்றியதுதான். மன்னார் வளைகுடா வழியாகப் படகில் அக்கரைக்குக் கடத்தப்படும் பீடி இலை, மஞ்சள் ஆகியவற்றோடு மாத்திரைகளும் பிடிபடுகின்றன. இலங்கைக் கடற்படையினர் கற்பிட்டி, மன்னார்ப் பகுதிகளில் பிரிகாபலின் மாத்திரைகளைப் பலமுறை கைப்பற்றியுள்ளனர். அங்கே இளைஞர் சிலர் இதனைப் போதைக்காக அளவுக்கு மீறி உட்கொள்கின்றனர். உங்கள் மேசையில் இருக்கும் அதே மருந்து எப்படிக் கடத்தல் பொருளாயிற்று என்று வியப்பது இயல்பே.

ஒரு மருந்து மயக்கும் தன்மை உடையதா என்பதற்கு 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டு விடைகள் மட்டும் இல்லை, படிகள் உண்டு. அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிகளை ஐந்தாக வகுத்தது. முதல் அட்டவணையில் ஹெராயின் போன்று அந்நாட்டில் மருத்துவப் பயன் ஏற்கப்படாத பொருள்கள் உள்ளன. இரண்டாவதில் மார்பின், நான்காவதில் டயசிபாம், அல்பிரசோலம் போன்றவை உள்ளன. ஐந்தாவது அட்டவணைக்கு உரியவை, நான்காவதோடு ஒப்பிடுகையில் தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்புக் குறைந்தவை. சிறிதளவு கோடீன் கலந்த இருமல் மருந்துகள் இதில் அடங்கும். பிரிகாபலினும் 2005-ஆம் ஆண்டு இதில் சேர்க்கப்பட்டது.

அவ்வாறு சேர்த்ததற்குக் காரணம் உண்டு. மருந்து ஆய்வுகளில் 5,500-க்கும் மேற்பட்டோரை ஒப்பிட்டபோது, பிரிகாபலின் பெற்றவர்களில் 4 விழுக்காட்டினர் மிதமிஞ்சிய களிப்புணர்வை உணர்ந்ததாகத் தெரிவித்தனர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் இது 1 விழுக்காடு. தூக்க மருந்துகளைப் போதைக்காக எடுத்துப் பழகிய 15 பேருக்கு 450 மில்லிகிராமை ஒரே வேளையில் கொடுத்துப் பார்த்தபோது, 30 மில்லிகிராம் டயசிபாமுக்கு நிகரான விருப்பத்தை அவர்கள் வெளியிட்டனர். நாங்கள் பெரும்பாலும் தொடங்குவது 75 மில்லிகிராமில் என்பதை இங்கே நினைவிற்கொள்க. 'குறைவு' என்று சட்டம் சொல்வது 'இல்லை' என்று பொருள்படாது. இந்த மதிப்பீடு மாறவும் கூடும்: பிரிட்டன் 2019 ஏப்ரல் முதல் இம்மருந்தைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்த்து, கண்காணிப்பை இறுக்கியது.

நம் நாட்டில் ஏற்பாடு வேறு. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'எச்' அட்டவணையில் உள்ள மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் 'எச்1' என்னும் அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்தை விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்கும் மேலே 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. சாதாரண வலி மாத்திரையாக நெடுங்காலம் வழங்கிய டிரமடால் 2018-இல் அச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. பிரிகாபலினைச் சீட்டின்றித் தர மறுக்கும் கடைக்காரர் உங்களைச் சந்தேகிக்கவில்லை, சட்டப்படி நடக்கிறார். சீட்டின்றித் தாராளமாகக் கொடுக்கும் கடைதான் நமக்குக் கவலை தர வேண்டியது.

'சத்து மாத்திரை' என்ற எண்ணம் பிறந்ததற்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் இம்மருந்து பெரும்பாலும் மெத்தில்கோபாலமின் என்னும் வைட்டமினோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக விற்கப்படுகிறது. வைட்டமினின் பெயரே வீட்டில் நிலைத்துவிடுகிறது. பின் அக்காவுக்குக் கால் வலி என்றால் தம்பியின் அட்டையிலிருந்து இரண்டு கொடுக்கப்படுகின்றன. இந்தப் பகிர்வே எங்களை மிகவும் அஞ்ச வைக்கிறது. பிரிகாபலின் உடலில் சிதையாமல் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதே அளவு மாத்திரை உடலில் தேங்கி, தள்ளாட்டத்தையும் மிகையான உறக்கத்தையும் தரும். மதுவோடும், தூக்க மாத்திரையோடும், டிரமடால் போன்ற வலி மருந்தோடும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். முதியோரும் நுரையீரல் நோயாளிகளும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

துறைமுகத்தில் கிரேன் இயக்குவோர், டிரெய்லர் லாரி ஓட்டுவோர், சங்கு குளிக்கக் கடலில் இறங்குவோர் ஆகியோர் தங்கள் தொழிலை எங்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தலைசுற்றலும் தூக்கமும் தொடக்க நாள்களில் பலருக்கும் வரும். முதல் வேளையை இரவுக்கு மாற்றுவதா, வேறு மருந்தைத் தேர்வதா என்பதை உங்கள் தொழிலையும் அறிந்த பின்னரே நாங்கள் முடிவு செய்ய இயலும். குடிப்பழக்கம் முன்பு இருந்ததென்றால் அதையும் மறைக்க வேண்டாம். போதைப் பழக்கம் இருந்தவர்களிடமே இம்மருந்து தவறான பயன்பாட்டுக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுதி.

அஞ்சி நிறுத்துவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உடல் ஒரு மருந்துக்குப் பழகிக்கொள்வதும் மனம் அதற்கு அடிமையாவதும் ஒன்றல்ல. வலிக்காகச் சொன்ன அளவில் உட்கொள்பவரின் உடலும் சில வாரங்களில் பிரிகாபலினுக்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை, குமட்டல், தலைவலி, வியர்வை, பதற்றம் ஆகியன வரலாம். வலிப்பு நோய்க்காக எடுப்பவருக்கு வலிப்பே திரும்பலாம். எனவே குறைந்தது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். செய்தியைப் படித்த அன்றே மாத்திரையைக் குப்பையில் எறிந்தவர்களும் உண்டு. அவர்கள் அடுத்த நாளே புறநோயாளர் பிரிவுக்கு வந்தால் நன்று.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவின் மாத்திரை அட்டையை டிவி மேல் திறந்து வைக்காமல் அலமாரியில் வையுங்கள். வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கணக்கு இரண்டு முறை தவறினால், வீட்டில் யாரையும் கடிந்துகொள்வதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். மருத்துவர் அளவை மாற்றியதாலோ, வலி தீர்ந்ததாலோ மிஞ்சிய மாத்திரைகளை அடுத்த முறை சீட்டோடு கொண்டுவாருங்கள். அவற்றை என்ன செய்வதென்று எங்கள் மருந்தகத்தில் சொல்வார்கள்.