வீட்டுக்குள் பிறந்த இசைத்தட்டு!

பாட்டுப் பதிவு நடக்கிறது. அப்போது கதவு "கிரீச்" என்று சத்தம் போட்டால் என்ன செய்வார்கள்? அழித்துவிட்டு மறுபடியும் பாடுவார்கள்.

ஆனால், ஒரு பாடகர் அந்தச் சத்தத்தோடு சேர்த்தே இசைத்தட்டு வெளியிட்டார். அது லட்சக்கணக்கில் விற்றது!

அவர்தான் பால் மெக்கார்ட்னி.

உடைந்த மனம்

பால், 1942-ம் ஆண்டு இங்கிலாந்தில் உள்ள லிவர்பூல் நகரில் பிறந்தவர். 14 வயதில் தாயை இழந்தார். பிறகு நண்பர்களுடன் "பீட்டில்ஸ்" என்ற குழுவில் பாடினார். 4 பேர் கொண்ட அந்தக் குழு உலகப் புகழ் பெற்றது.

1969-ம் ஆண்டு குழுவில் பிளவு ஏற்பட்டது. தான் விலகுவதாக ஜான் லென்னன் மற்றவர்களிடம் சொல்லிவிட்டார்.

பால் மனம் உடைந்தார். மனைவி, குழந்தைகளுடன் ஸ்காட்லாந்தில் இருந்த தன் பண்ணை வீட்டுக்குப் போனார். அங்கே குடித்தார். காலையில் படுக்கையை விட்டு எழவே அவருக்கு மனம் இல்லை. வயதோ 27தான்!

கை கொடுத்த மனைவி

மனைவி லிண்டா, அமெரிக்கப் பெண். படம் எடுப்பது அவர் தொழில். அவர் கணவருக்குத் தைரியம் சொன்னார். மறுபடியும் பாட்டு எழுதத் தூண்டினார்.

பால் லண்டன் வீட்டுக்குத் திரும்பினார். ஓர் ஒலிப்பதிவு எந்திரத்தை வரவழைத்தார். அதன் நாடாவில் 4 தடங்கள் உண்டு. ஒரு தடத்தில் கிதார் வாசித்துப் பதிவு செய்யலாம். அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் டிரம் வாசிக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால், ஒரு குழுவே வாசிப்பதுபோல இருக்கும்!

எந்திரத்தைச் சோதிக்க, மனைவியைப் பற்றி ஒரு குட்டிப் பாட்டுப் பாடினார். கதவு கிரீச்சிட்டது அப்போதுதான். அதை அவர் அழிக்கவில்லை.

எல்லா வாத்தியங்களையும் பாலே வாசித்தார். சில பாட்டுகளில் லிண்டாவும் கூடப் பாடினார். மீதி வேலை ஒலிப்பதிவு நிலையங்களில் ரகசியமாக நடந்தது. அங்கே பால் பதிவு செய்துகொண்டது வேறு பெயரில்!

நண்பர் மீது கோபம்

1970 ஏப்ரல் 17-ந் தேதி வெளியீடு என்று முடிவாயிற்று. பீட்டில்சின் தட்டும் அப்போது வெளிவர இருந்தது. ஆகவே, "தேதியைத் தள்ளிப்போடு" என்று கூட்டாளிகள் கடிதம் எழுதினார்கள். கொண்டுவந்தவர் ரிங்கோ ஸ்டார். பால் கோபத்தில் அவரை வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னார்!

ரிங்கோ பழி வாங்கவில்லை. பால் கேட்ட தேதியையே கொடுத்துவிடலாம் என்று மற்றவர்களிடம் பரிந்து பேசினார்.

குறித்த நாளில் தட்டு வெளிவந்தது. அரைகுறை வேலை என்று சிலர் குறை சொன்னார்கள். மக்களோ வாங்கினார்கள். அமெரிக்காவில் 3 வாரம் அதற்கே முதல் இடம்!

உறையின் பின்புறம் ஓர் அழகான படம். பாலின் மேல்சட்டைக்குள் இருந்து கைக்குழந்தை மேரி எட்டிப் பார்க்கிறாள். எடுத்தவர் லிண்டா.

1998-ம் ஆண்டு லிண்டா காலமானார். 2020-ம் ஆண்டு, கொரோனா ஊரடங்கின்போது, பால் மறுபடியும் தனியாக உட்கார்ந்து ஓர் இசைத்தட்டு உருவாக்கினார். அது வெளிவந்தபோது அவருக்கு வயது 78.

லிண்டா இல்லை. ஆனால் அந்தப் பழைய தட்டை ஓடவிட்டால், அவருக்காகப் பாடிய பாட்டும், அந்தக் கதவின் "கிரீச்" ஓசையும் இன்றும் கேட்கின்றன!