சுவரில் முட்டி வரும் சிக்னல்

டவரிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை நேராக உங்கள் செல்போனுக்கு வந்துவிடுவதில்லை. எதிர்வீட்டுச் சுவரில் முட்டும். போகிற பேருந்தின் தகரத்தில் பட்டுத் தெறிக்கும். ஒரே சிக்னல் பல வழிகளில், சற்று முன்பின்னாக வந்து சேர்ந்து, ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். பொறியாளர்கள் இதைப் பெரும் தொல்லையாகவே நினைத்தார்கள்.

அந்தத் தொல்லையைப் பயனாக மாற்றியவர், பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படை அதிகாரி. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ஐ.என்.எஸ். குக்ரி என்ற நம் போர்க்கப்பலை ஒரு நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதன்பின் சோனார் கருவியை மேம்படுத்தும் வேலையில் பால்ராஜ் இறங்கினார். நீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியை வைத்து நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவி அது. பல ஒலிவாங்கிகளில் கலந்து விழுவதைப் பிரித்தெடுக்கும் கணக்கு அவருக்குக் கைவந்தது. கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனவர், தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1994இல் அது கிடைத்தது. பல ஆன்டெனாக்களில் அனுப்பி, பல ஆன்டெனாக்களில் வாங்கும் அந்த முறைக்கு இன்று மைமோ என்று பெயர்.

நோட்டும் பென்சிலும் எடுங்கள், நீங்களே செய்து பார்க்கலாம். டவரில் இரண்டு ஆன்டெனா. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், ஆளுக்கொரு எண்ணை அனுப்புகின்றன. போனிலும் இரண்டு ஆன்டெனா. முதலாவதில் இரண்டு எண்களும் கூடி 7 என்று விழுகிறது. இரண்டாவதற்கு அலை வந்த வழி வேறு. அதில் இரண்டாம் எண் மட்டும் இருமடங்காகச் சேர்ந்து 10 விழுகிறது. 10இல் 7ஐக் கழித்தால் 3. அதுதான் இரண்டாம் எண். அப்படியானால் முதல் எண் 4.

இரண்டிலும் 7, 7 என்றே விழுந்திருந்தால்? 1ம் 6ம் அனுப்பினார்களா, 2ம் 5மா, சொல்லவே முடியாது. கலவைகள் வேறுவேறாக இருந்தால்தான் கணக்கு தீரும். அந்த வேறுபாட்டை உண்டாக்குவதில் பெரும் பங்கு, நாம் தொல்லை என்று நினைத்த சுவருக்கும் பேருந்துக்கும்தான்!

‘இருமடங்கு’ என்பது போனுக்கு எப்படித் தெரியும்? இதில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். போனுக்கு முன்பே தெரிந்த ஒரு சிக்னலை டவர் நடுநடுவே அனுப்பும். அதற்குப் பைலட் சிக்னல் என்று பெயர். என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று ஒப்பிட்டுக் கலவையைப் போன் தெரிந்துகொள்கிறது. நீங்கள் நான்கு அடி நடந்தாலே கலவை மாறிவிடும். அதனால் ஒரு நொடிக்குள் பல நூறு முறை இந்த ஒப்பீடு நடக்கிறது.

4ஜியும் வைஃபையும் இந்த முறையில்தான் ஓடுகின்றன. 2014இல் பால்ராஜுக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. மிகவும் பொருத்தமான பரிசு. 5ஜி வந்ததும் ஆன்டெனாக்கள் பெருகின. டவரில் மாட்டிய தட்டையான பெட்டிகள் சிலவற்றுக்குள் 64 அனுப்பிகள் இருக்கின்றன. இத்தனையும் எப்படி அடங்கின? 5ஜி அலை ஒன்று நொடிக்குச் சுமார் 350 கோடி முறை அதிர்கிறது. நொடிக்கு 30 கோடி மீட்டர் போகிறது. வகுத்துப் பாருங்கள், ஓர் அலையின் நீளம் 9 செ.மீ.க்கும் குறைவு. அலை சிறிதானால் ஆன்டெனாவும் சிறிதாகும்.

அடுத்து 6ஜி. 2030ஐ ஒட்டி அது வரவேண்டும் என்பது திட்டம். நொடிக்கு 700 கோடி முறைக்கு மேல் அதிரும் அலைகளை இப்போது ஆராய்கிறார்கள். அலையின் நீளம் பாதியாவதால், அதே பெட்டிக்குள் நான்கு மடங்கு ஆன்டெனாக்களை வைக்கலாம். ஆனால் இந்த அலைகள் சுவரைத் தாண்டும்போது இன்னும் அதிகமாக வலுவிழக்கும். அதுதான் பெரிய சவால்.

6ஜிக்கு இன்னொரு வேலையும் தரப்போகிறார்கள். 2023இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட வரைவில் அது இருக்கிறது. அலை எதில் முட்டித் திரும்பியது என்று கண்டறிந்து, அந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்றும் டவரே சொல்ல வேண்டும். சோனார் செய்த அதே வேலை, இம்முறை காற்றில். சாலையில் குறுக்கே வருபவரைக் கார் முன்கூட்டியே அறிய இது உதவும். வீட்டுக்குள் நாம் நடமாடுவதையும் அலை அறியக்கூடும் என்பதால், யாருடைய அனுமதியோடு அதைச் செய்யலாம் என்ற விதிகளையும் இப்போதே எழுதியாக வேண்டும்.